வாய்தா எதற்கு என்று கேளுங்கள்: வேலூர் வட்டாரத்தில் உரிமையியல் வழக்கு நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பத்தின் பாகப்பிரிவினை வழக்கு தொடங்கியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதில் முதல் தீர்ப்பு வந்தபோது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் இரண்டு ஏக்கருக்குக் குறைவான புஞ்சையும் ஒரு கிணற்றில் பாதிப் பங்கும்தான் தாவாச் சொத்து. எதிர்த் தரப்பு பெரியப்பாவின் பிள்ளைகள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா மஞ்சள் பையில் பத்திரங்களை அடுக்கிக்கொண்டு முதல் பேருந்தில் போவார். சாயங்காலம் திரும்பி வந்து, “அடுத்த மாசம் போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். எதற்காகப் போட்டிருக்கிறார்கள் என்று அவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் நாங்கள் இழந்த ஆண்டுகள் பல. தாமதத்தில் ஒரு பகுதி நம் கையில் இல்லை: நீதிபதி பணியிடம் மாதக்கணக்கில் காலியாக இருக்கும், ஒரே நீதிமன்றத்தில் தாங்க முடியாத அளவுக்கு வழக்குகள் குவிந்திருக்கும், வழக்கறிஞர்கள் புறக்கணிப்பில் இருப்பார்கள். ஆனால் மீதமுள்ள பகுதி, யாரும் கவனிக்காததால் வளரும் தாமதம். வசதியுள்ள தரப்பு அதைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. கூலி வேலையை விட்டு வரும் தரப்பு சோர்ந்து விலகுகிறது. இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த அநியாயத்தை எங்கெங்கே தடுத்து நிறுத்தலாம் என்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த இடங்களை வழக்கு நகரும் வரிசையிலேயே கீழே சொல்கிறேன். குற்றவியல் வழக்குகளுக்கு விதிகள் வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் வேலை: கேஸ் கட்டு உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்

பிராது (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை), எதிருரை (பிரதிவாதியின் பதில்), இடைக்கால மனுக்கள், தாக்கல் செய்த ஆவணங்களின் பட்டியல் ஆகிய அனைத்துக்கும் ஒரு பிரதி உங்கள் வசம் இருக்க வேண்டும். வழக்குக்கு 16 இலக்கம் கொண்ட ஒரு சி.என்.ஆர். எண் தரப்பட்டிருக்கும். அதை வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கி, இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவும் எந்த நாளில், எந்த நோக்கத்துக்காகப் போடப்பட்டது என்பது அதில் தெரியும். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் உருவான பிறகு, தங்கள் வழக்கு இப்போது எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று தெரியாமல் சத்துவாச்சாரி வளாகத்துக்கு வந்து விசாரிக்கும் முதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். கையிலுள்ள எண் அந்த அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அடுத்ததாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வாய்தா நாள், அது எதற்காகப் போடப்பட்டது, அன்று என்ன நடந்தது, யார் கேட்டு ஒத்திவைக்கப்பட்டது என நான்கு பத்திகள் போட்டு எழுதி வாருங்கள். நீதிமன்றக் கட்டில், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததை எழுதிவைக்கும் குறிப்புத் தாளுக்கு நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கினால் பழைய ஆண்டுகளையும் நிரப்பிக்கொள்ளலாம். பின்னால் சொல்லப்போகும் மனுக்கள் பலவற்றுக்கு இந்த நான்கு பத்திகள்தான் ஆதாரம்.

சம்மனில் தேங்கும் வழக்கு

அப்பாவுக்கு உடம்பு முடியாத ஒரு நாளில் அவருக்குப் பதிலாக நான் போயிருந்தேன். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அடுத்த தேதி சொல்லிவிட்டார்கள். மதிய இடைவேளையில் பெஞ்ச் கிளர்க்கிடம் தயங்கித் தயங்கி, “ஐயா, இது எதுக்குப் போட்டிருக்கு?” என்று கேட்டேன். அவர் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மூணாம் பிரதிவாதிக்குச் சம்மன். பேட்டாவே கட்டல, சம்மன் எப்படிம்மா போவும்?” என்றார். பெங்களூரில் இருந்த ஒரு பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்பக் கட்ட வேண்டிய சிறு தொகை கட்டப்படாததால் எட்டு வாய்தாக்கள் போயிருந்தன. அப்பா அந்த எட்டுக்கும் பேருந்து ஏறிப் போய் வந்திருந்தார்.

எனவே பிராது எண்ணிடப்பட்டவுடன் பேட்டா கட்டப்பட்டதா என்று கேட்டு, ரசீதின் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டா கட்டாததால் சம்மன் போகாவிட்டால் வழக்கையே தள்ளுபடி செய்ய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை இடம் தருகிறது. (சட்டத்தின் பெயர் சொல்லாமல் கீழே வரும் கட்டளை, விதி, பிரிவு எல்லாம் இதே சட்டத்தைச் சேர்ந்தவை.) சம்மன் நிறைவேறாமல் திரும்பி வந்தால் புதிய முகவரியுடன் 7 நாட்களுக்குள் மறு சம்மனுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிரதிவாதி வேண்டுமென்றே ஒளிந்துகொள்கிறார் என்றால், வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழில் விளம்பரம் கொடுத்தும் சம்மன் சேர்ந்ததாகக் கொள்ளும்படி 5-ஆம் கட்டளை 20-ஆம் விதியின் கீழ் மனுப் போடலாம். நீதிமன்ற அனுமதியுடன் சம்மனை நீங்களே எடுத்துச் சென்று சேர்ப்பிக்கவும் வழி உண்டு.

எதிருரையும் இடைக்காலத் தடையும்

சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் எழுதி நீதிமன்றம் 90 நாட்கள் வரை நீட்டிக்கலாம். சாதாரண உரிமையியல் வழக்குகளில் இந்த வரம்பு இரும்புச் சட்டம் அல்ல என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், 90 நாட்கள் கடந்தும் அனுமதி கிடைப்பதுண்டு. ஆனாலும் 90 நாட்கள் முடிந்த முதல் வாய்தாவிலேயே பிரதிவாதியை எக்ஸ்பார்ட்டியாக (அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும் நிலையில்) வைக்கும்படி உங்கள் வக்கீல் எழுந்து கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அந்தக் கட்டம் ஓராண்டு வரைகூட நீளும். நீங்கள் வராததால் உங்கள் வழக்கே தள்ளுபடியானாலும், உங்களுக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டாலும், அதை நீக்கக் கோரும் மனுவுக்குக் காலவரம்பு 30 நாட்கள்தான். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்லி இன்னொரு மனுப் போட வேண்டியிருக்கும். அந்த மனு தனி வழக்குபோல இழுக்கும்.

உங்களைக் கேட்காமலேயே எதிர்த் தரப்பு இடைக்காலத் தடை வாங்கிவிட்டதா? அப்படிப்பட்ட தடை மனுவை 30 நாட்களுக்குள் விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத வேண்டும் என்று 39-ஆம் கட்டளை 3-ஏ விதி சொல்கிறது. அப்படி முடிக்காமல் தடை மட்டும் நீண்டுகொண்டே போனால், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம் என்று வெங்கடசுப்பையா நாயுடு எதிர் செல்லப்பன் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எதிரி தடை கேட்பார் என்று முன்கூட்டியே தெரிந்தால் 148-ஏ பிரிவின் கீழ் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்மனு) தாக்கல் செய்துவிடுங்கள். அது 90 நாட்கள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சாட்சி உயிரோடு இருக்கும்போதே

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் தாளவில்லை. தாத்தா காலத்தில் வாய்மொழியாக நடந்த பங்கீடு எப்படி நடந்தது, கிணற்று மேட்டில் எந்தக் கல் யார் எல்லை என்பதெல்லாம் நேரில் பார்த்த ஒரே ஆள் அப்பாதான். வழக்கு சாட்சிய விசாரணைக் கட்டத்துக்கு வரும் முன்பே அவர் இறந்துவிட்டார். எங்கள் வழக்கின் மிகப் பெரிய ஆதாரம் ஒரு வரிகூடப் பதிவாகாமல் போயிற்று.

அதைத் தவிர்த்திருக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 18-ஆம் கட்டளை 16-ஆம் விதியின்படி, போதிய காரணம் இருந்தால் ஒரு சாட்சியை அவருடைய முறை வருவதற்கு முன்பே விசாரிக்கும்படி கேட்கலாம். முதுமை, கடும் நோய், வெளிநாடு செல்லுதல் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம். நடக்க முடியாதவர் என்றால் 26-ஆம் கட்டளையின் கீழ் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, வீட்டுக்கே வந்து சாட்சியம் பதிவு செய்யச் சொல்லலாம். மருத்துவச் சான்றை இணைக்க வேண்டும். உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த வாதியோ முக்கிய சாட்சியோ இருந்தால், வழக்கு தாக்கலான சில மாதங்களுக்குள்ளேயே இந்த மனுவைப் பற்றி வக்கீலிடம் பேசிவிடுங்கள். கூடவே, மூத்த குடிமகன் என்ற அடிப்படையில் விசாரணையை முன்கூட்டியே எடுக்கும்படி வயதுச் சான்றுடன் ஒரு மனுக் கொடுங்கள். கட்டின் மேலட்டையில் ‘மூத்த குடிமகன்’ என்று எழுதப்பட்டிருப்பதே பலன் தருவதை நான் கண்டிருக்கிறேன்.

சாட்சியம் தொடங்கிவிட்டால் முதல் விசாரணைக்கு, அதாவது சாட்சி தனக்குத் தெரிந்ததைச் சொல்வதற்கு, பிரமாண வாக்குமூலம் போதும்; குறுக்கு விசாரணைதான் இழுக்கும். 17-ஆம் கட்டளை, வழக்கு விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் ஒத்திவைப்புத் தரக் கூடாது என்கிறது. தரப்பின் வக்கீல் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது ஒத்திவைப்புக்குக் காரணமாகாது என்றும் அதே விதி வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த மூன்று முறை வரம்பையும் உச்ச நீதிமன்றம் தவிர்க்க முடியாத இடர்களுக்காகத் தளர்த்தியிருக்கிறது. ஆயினும் நான்காவது முறை எதிர்த் தரப்பு நேரம் கேட்கும்போது, முந்தைய மூன்று தேதிகளையும் குறிப்பிட்டு எழுத்து மூலம் ஒரு மெமோ தாக்கல் செய்தால், நீதிபதியின் முன் கணக்கு வந்துவிடுகிறது. வாயால் எதிர்ப்புச் சொல்வது காற்றில் போகும், மெமோ கட்டில் தங்கும். அத்துடன் 35-பி பிரிவின் கீழ் செலவுத்தொகை கேளுங்கள். அந்தத் தொகையைக் கட்டாமல் எதிர்த் தரப்பு மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது என்பதால் சிறு தொகையாக இருந்தாலும் அதற்கு வலு உண்டு.

ஒரு தரப்பினர் இறந்தால்

இது சுருக்கமான செய்திதான், ஆனால் வழக்கைக் கொல்லக்கூடியது. வாதியோ பிரதிவாதியோ இறந்தால் 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுச் செய்ய வேண்டும். தவறினால் இறந்தவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை மீட்க மேலும் 60 நாட்கள் மட்டுமே உண்டு. துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவுக்கு வராது. அதனால் காரியம் முடிந்த வாரத்திலேயே இறப்புச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

வக்கீலோடு உறவு

பெரும்பாலான வக்கீல்கள் கடுமையாக உழைப்பவர்கள். எங்கள் வழக்கைப் பிற்பாடு தூக்கி நிறுத்தியவரும் ஒரு வக்கீல் அம்மாதான். ஆனால் உங்கள் வக்கீல் பல முறை வராமல் போனால் நேரில் சென்று, மரியாதையுடனும் தெளிவாகவும் கேளுங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் ஆட்சேபணையில்லை என்ற கையொப்பத்துடன் புதிய வக்காலத்துத் தாக்கல் செய்யலாம். அவர் கையொப்பமிட மறுத்தால் நீதிமன்ற அனுமதி பெறலாம். கட்டணப் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது. கடுமையான தொழில்முறைத் தவறு என்றால் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் புகார் செய்யலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பதற்காக யாரும் வழக்கை விட வேண்டாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமலும், மற்றவர்களுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இலவச வக்கீலைத் தருகிறது. வேலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் வட்டங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிலும் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். என் அம்மாவுக்கு இந்த உரிமை முதல் நாளிலிருந்தே இருந்தது. அது தெரியாமல் நகையை அடகு வைத்தோம்.

கீழமை நீதிமன்றத்தில் நகரவே இல்லையென்றால்

நான்கு பத்தி நோட்டு இப்போது வெளியே வர வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 227-ஆம் கூறின் கீழ், வழக்கைக் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கும்படி உத்தரவிடக் கோரி, சென்னை உயர் நீதிமன்றத்தில் உரிமையியல் சீராய்வு மனுத் தாக்கல் செய்யலாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றும் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருபவை. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கீழமை நீதிமன்றங்களுக்கு இப்படிக் காலக்கெடு விதிப்பதை அசாதாரணச் சூழல்களில் மட்டுமே செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது. எனவே ‘வழக்கு பத்து ஆண்டாக நிலுவை’ என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வாதியின் வயது, நோய், எதிர்த் தரப்பு வாங்கிய ஒத்திவைப்புகளின் தேதிவாரிப் பட்டியல், சொத்து கைமாறும் ஆபத்து ஆகியவற்றை மனு காட்ட வேண்டும். அதே தீர்ப்பு, உயர் நீதிமன்றம் கொடுத்த தடை ஆறு மாதத்தில் தானாக நீங்கிவிடும் என்ற 2018-ஆம் ஆண்டு நிலையையும் மாற்றிவிட்டது. தடையை நீக்க நீங்கள்தான் மனுச் செய்ய வேண்டும்.

நீதிபதி ஒருதலையாக நடக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினால், முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: உத்தரவு தவறா, நடத்தை தவறா? உத்தரவு தவறென்றால் அதற்கு மேல்முறையீடும் சீராய்வும்தான் வழி. புகார் மனு எழுதினால் காலவரம்புதான் ஓடிப்போகும். அந்த நீதிமன்றத்தில் நியாயமான விசாரணை கிடைக்காது என்று நம்ப உறுதியான காரணம் இருந்தால் 24-ஆம் பிரிவின் கீழ் வழக்கை மாற்றக் கோரலாம். நடத்தை பற்றிய புகாரை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பும்போது பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் இணைக்க வேண்டும். ஊழியர் யாராவது நகலுக்கோ கட்டை நகர்த்துவதற்கோ பணம் கேட்டால் முதன்மை மாவட்ட நீதிபதிக்குத் தேதியும் மனு எண்ணும் குறிப்பிட்டு எழுத்து மூலம் தெரிவியுங்கள். ஆதாரமின்றிக் கோபத்தில் எழுதும் கடிதம் உங்களுக்கே பாதகமாக முடியும்.

சமரசம்

பங்காளிச் சண்டைக்கு இது பல நேரங்களில் நல்ல வழி. 89-ஆம் பிரிவின் கீழ் சமரச மையத்துக்கு அனுப்பும்படி எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். அங்கே வழக்கு முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். தரப்பினர் தாங்களே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் இந்தச் சலுகை உண்டு என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் முடியும் வழக்கின் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை மறவாமல், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள். களைப்பினால் கையொப்பமிடுவது சமரசம் ஆகாது. எதிர்த் தரப்பு காலம் கடத்துவதற்காகவே சமரசப் பேச்சை இழுக்கிறது என்று தெரிந்தால் இரண்டு அமர்வுகளோடு வழக்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த நாள் முதல்

தீர்ப்பு வந்துவிட்டதாலேயே பலன் கைக்கு வந்துவிடாது. பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டுக்காக அந்தத் தீர்ப்பு நாடெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் இழப்பீடு இன்னும் கிடைக்காத குடும்பங்களுக்கு அதை வழங்கும்படி அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

எங்கள் வழக்கிலும் இதே பாடம் சிறிய அளவில் நடந்தது. முதல் தீர்ப்பு வந்ததும் அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைத்தார். இரண்டு ஆண்டுகள் நிலம் தானாக வந்துவிடும் என்று காத்திருந்தோம். பாகப்பிரிவினை வழக்கில் முதலில் வருவது யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை. ஆணையர் நிலத்தை அளந்து, இன்ன பகுதி இன்னாருக்கு என்று வரைபடத்துடன் பிரித்த பின்புதான் இறுதித் தீர்ப்பாணை வரும். அதற்கும் தனி மனு தேவையில்லாமல் நீதிமன்றமே வழக்கை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் வழக்கு முதல்நிலையோடு நின்றிருந்தால் அந்தத் தீர்ப்பைக் காட்டி உடனே கேளுங்கள். இறுதித் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். அதைத் தாமதப்படுத்தினாலும் நிறைவேற்றத்துக்கான 12 ஆண்டுக் காலவரம்பு தீர்ப்பாணையின் தேதியிலிருந்தே ஓடும்.

எந்த வழக்காக இருந்தாலும் தீர்ப்புச் சொன்ன அன்றே நகல் மனுப் போடுங்கள். மாவட்ட நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்கள். நகலுக்கு விண்ணப்பித்து அது தயாராகும் வரையிலான நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. வென்றவர் என்றால், தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளைக் கடந்தால் எதிரிக்கு முதலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 21-ஆம் கட்டளை 22-ஆம் விதி சொல்வதால், மறுபடியும் சம்மன், பேட்டா என்று ஆரம்பத்திலிருந்து தொடங்க நேரும். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021-ல் ராகுல் ஷா வழக்கிலும், தமிழ்நாட்டு வழக்கான பெரியம்மாள் வழக்கில் 2025 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. இந்த இரண்டு தீர்ப்புகளின் பிரதியையும் மனுவோடு இணைக்கச் சொல்லுங்கள். ஊரில் யாராவது வந்து மறித்தால் தனி வழக்குத் தேவையில்லை. அதே 21-ஆம் கட்டளையின் 97-ஆம் விதியின் கீழ் அதே நீதிமன்றத்திலேயே தடையை அகற்றக் கேட்கலாம்.

அமீனா (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வந்து இடத்தை ஒப்படைக்கும் நாளில் நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் உடனிருக்கும்படி முன்கூட்டியே மனுப் போடுங்கள். நான்கு எல்லைகளையும், கிணற்றுப் பங்கையும், அதற்குப் போகும் வழியின் அகலத்தையும் அறிக்கையில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்த பிறகு கையொப்பமிடுங்கள். எங்கள் அறிக்கையில் வழி விடுபட்டிருந்ததை அம்மாதான் கண்டுபிடித்தார். அமீனா அங்கேயே வரப்பின் மேல் உட்கார்ந்து அதைச் சேர்த்து எழுதினார். அந்த அறிக்கையின் நகலையும் இறுதித் தீர்ப்பாணையையும் எடுத்துக்கொண்டு, அதே வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.